குடிபெயர்தலும் குடியமர்தலும்

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பழைய மன்னர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ எழுத நமக்கு மனம் செல்லவில்லை. அந்நாட்களில் வேறொரு நிகழ்ச்சி நம் நெஞ்சைப் பற்றிக்கொண்டிருந்தது. புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவர் மேற்படிப்பின் பொருட்டு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். அவரை வழியனுப்ப லயத்து வாசலிலே உற்றாரும் அயலாரும் கூடியிருந்தனர். இறப்பர்ப் பால் வெட்டிக் கை காய்த்துப்போன அவருடைய பாட்டியார், பேரனுடைய நெற்றியிலே திருநீறு பூசிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏஞ்சாமி, அந்த ஊர்ல நம்மள இருக்க விடுவாங்களா?"

வேளைக்குச் சாப்பிடு என்றும், குளிருக்குப் போர்த்திக்கொள் என்றும் மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், அந்த மூதாட்டியின் வாயில் இந்தக் கேள்வி ஏன் வந்தது? ஊர் நல்ல ஊரா, சம்பளம் உண்டா என்பவற்றையெல்லாம் விட்டு, இருக்க விடுவார்களா என்று ஏன் கேட்டார்? இதற்கு விடை காண வேண்டுமாயின் நம்மவரின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டும். ஒரு நாட்டை அடைதல் வேறு. அந்நாட்டில் குடியமர்தல் வேறு. முன்னதற்குக் கப்பலோ விமானமோ போதும். பின்னதற்கு என்னென்ன வேண்டும் என்பதை நம்மைப் போல் பட்டறிந்தவர் உலகில் மிகச் சிலரே. ஆதலால், அவுஸ்திரேலியாவில் இன்று குடியமர்வோரின் அன்றாட வாழ்வை ஆராயுமுன், நாம் இம்மண்ணில் அமர்ந்த கதையைச் சிறிது நினைவுகூர்வோம்.

முன்னோர் வந்த வழி

கண்டி மலைகளில் கோப்பிச் செய்கை தொடங்கிய 1820-களிலிருந்து நம் முன்னோர் இந்நாட்டுக்கு வரலாயினர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சமும் கடனும் அவர்களைத் துரத்தின. கங்காணியின் சொல்லை நம்பி, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பேதியும் காய்ச்சலும் கொண்டு வழியிலேயே மடிந்தவர் பலர். 1914-ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை ஏற்பட்டது. அப்பொழுதும் மண்டபம் முகாமில் தங்கி, மருத்துவச் சோதனைக்கு உள்ளாகி, பின்னரே கடல் கடக்க வேண்டியிருந்தது. வரும்போதே கங்காணியின் கணக்கில் கடன் ஏறியிருக்கும். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்வதற்கும் அக்கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். இத்துண்டு முறை 1921-ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நமது சப்பிரகமுவைப் பகுதியின் கதைக்குத் தனியான ஓர் இயல்பு உண்டு. 1869-ஆம் ஆண்டிலிருந்து கோப்பிச் செடியை இலைநோய் அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1876-ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிரேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள், சூடும் மழையும் மிகுந்த களனிப் பள்ளத்தாக்கில் செழித்து வளர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக எட்டியாந்தோட்டை வரையில் சிறு புகையிரதப் பாதையும் அமைந்தது. கேகாலை, றுவன்வெல, தெஹியோவிட்ட, புளத்கொகுபிட்டிய ஆகிய இடங்களைச் சூழ்ந்த குன்றுகளில் இறப்பரும் தேயிலையும் அடுத்தடுத்து நின்றன.

இங்கேதான் ஒரு முக்கியமான மாறுதலை நாம் கவனிக்க வேண்டும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டுமே பெருந்தொகை ஆட்கள் வேண்டும். பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். இறப்பரோ, நட்டு ஆறேழு ஆண்டுகள் காத்திருந்து, அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாகவும் பால் வெட்டும் மரம். இம்மரங்களுக்குப் போய்வரும் ஆள் உதவமாட்டான். மனைவி மக்களோடு தங்கியிருக்கும் ஆள் வேண்டும். ஆகவே, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பலாமென்று வந்தவர்கள் மரத்தோடு மரமாக நின்றுவிட்டனர். நம்மவரைத் தங்கச் செய்தது தோட்ட முதலாளிகளின் தேவையே. பிற்காலத்தில் இவ்வுண்மையை மறந்து பேசியவர் பலர்.

லயத்தில் பிறந்த அன்றாடம்

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரு காம்பரா. முன்னால் சிறு இஸ்தோப்பு. ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பம். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு வடியும் என்பதால் இருள் பிரியும் வேளையிலேயே மரத்தடியில் நிற்க வேண்டும். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டில்லையேல் பேரும் விழாது. களனிப் பள்ளத்தாக்கின் மழையோ நாம் அறிந்ததே. வானத்தைப் பார்த்து வயிற்றைக் கணக்கிடும் வாழ்க்கை அது.

இவ்வளவு இடுக்கணுக்கும் இடையில் அவர்கள் தமக்கென ஓர் அன்றாட வாழ்வைக் கட்டி எழுப்பினர். மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்றனர். பின்னர் அதற்குக் கூரை வேய்ந்தனர். பேரர் காலத்தில் கோபுரம் எழுந்தது. மாசியில் காமன் கூத்து ஆடினர். பலாக்காயையும் ஈரப்பலாக்காயையும் சமைக்கச் சிங்களக் கிராமத்துப் பெண்களிடம் கற்றனர். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தனர். கடைவீதியிலே சிங்களம் பேசக் கற்றனர். கிராமத்தவர் சிலரும் தமிழ் கற்றனர். வெசாக் நாளில் கூட்டைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். தேர்த் திருவிழாவுக்குக் கிராமத்தவர் வந்தனர். குழந்தைகளின் தொப்புட்கொடி இங்கே புதைந்தது. பெற்றோரின் உடலும் இங்கே புதைந்தது. குடியமர்தல் என்பதற்கு இதனினும் வேறு பொருள் உண்டோ?

உண்டு என்று சட்டம் சொல்லிற்று.

உந்துகொடையும் றுவன்வெலவும்

நம் ஊருக்கு அண்மையில் உள்ள உந்துகொடையில் நேவ்ஸ்மயர் என்னும் தோட்டம் இருந்தது. காணியற்ற கிராமத்தவருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக அரசாங்கம் அதனை எடுத்துக்கொண்டது. 1946-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேற வேண்டுமென்று அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்களுள் அத்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருந்தனர். போக இடமின்றி அவர்கள் அசையாதிருந்தபோது, பிறர் நிலத்தில் அத்துமீறி இருப்பவர்கள் என்று அவர்கள்மீது வழக்கு வந்தது. இலங்கை இந்தியர் காங்கிரஸ் அவர்கள் பக்கம் நின்றது. கேகாலைப் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது.

நடுநிலையோடு நோக்குவோர் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிராமத்துச் சிங்கள மக்களின் நிலப்பசி பொய்யன்று. 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் முதலாக அவர்களுடைய காடுகளையும் சேனைகளையும் வெள்ளையர் ஆட்சி எடுத்துத் தோட்டக்காரருக்கு விற்றது. பறித்தவன் ஒருவன்; இழந்தவன் ஒருவன்; உழைத்தவன் மற்றொருவன். ஆனால் கணக்குத் தீர்க்கும் வேளையில் இழந்தவனும் உழைத்தவனும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். உந்துகொடை நமக்குக் கற்பிக்கும் கசப்பான பாடம் இது.

இரண்டு ஆண்டுகளில் அப்பாடம் நாடு முழுவதற்கும் விரிந்தது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. அதே ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றனர். மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாது வசித்ததை மெய்ப்பிக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவனிடம் வீட்டு வரிச் சிட்டை ஏது? பிறப்பத்தாட்சிப் பத்திரந்தான் ஏது? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 134,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது.

இச்சட்டங்களை எதிர்த்து எழுந்த புகழ்பெற்ற வழக்கும் நமது மாவட்டத்திலேயே பிறந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். றுவன்வெலத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்க வேண்டுமென்று கோடகன் பிள்ளை என்பவர் கோரினார். மீளாய்வு அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் அக்கோரிக்கையை ஏற்று, அச்சட்டங்கள் அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கருதினார். 1951-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளியது. வழக்கு இங்கிலாந்தின் பிரிவிக் கவுன்சில் வரையில் சென்றது. 1953-ஆம் ஆண்டில் அம்மன்றமும் சட்டங்கள் செல்லுமென்றே தீர்ப்பளித்தது. ஒரு நாடு தன் பிரசைகள் யாவர் என்பதைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றும், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் அவர்கள் பிரசைகளாகத் தகுந்தவரா என்பதை ஆராய்கையில் கருதத்தக்கது என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று.

இடம்பெயரும் பழக்கம்! ஒரே லயத்தில், ஒரே காம்பராவில், பாட்டன் வெட்டிய மரத்தின் வரிசையிலேயே பேரனும் வெட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு இப்பெயர் கிடைத்தது. மூதாட்டியின் கேள்விக்கு வேர் எங்கே இருக்கிறது என்பது இப்பொழுது விளங்கும்.

மீண்டும் ஒரு கடல்

1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேர் கணக்கிடப்பட்டனர். 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 150,000 பேரை 1974-ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறு நாட்டுக்கும் ஆன குடும்பங்கள் நம் தோட்டங்களில் இன்றும் உண்டு. தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதம் புறப்படும் வேளையில் மேடையில் எழுந்த அழுகையை நினைவில் வைத்திருக்கும் பெரியோரும் நம்மிடையே இருக்கின்றனர்.

சென்றவர்கள் சொந்த நாட்டுக்கே சென்றனர் என்று ஏடுகள் சொல்லின. ஆனால் அந்நாட்டை அவர்களிற் பலர் அதற்குமுன் கண்ணாலும் கண்டதில்லை. நீலகிரியில் அவர்களுக்காக 1968-ஆம் ஆண்டிலிருந்து அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. இறப்பர் வேலை தெரிந்தவர்கள் கேரளத்துப் புனலூருக்கும் கருநாடகத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டனர். நம் குன்றுகளில் பழகிய பால்வெட்டுக் கத்தி அங்கேயும் அவர்களுக்குச் சோறு போட்டது. எனினும் அங்கே அவர்களுக்கு வாய்த்த பெயர் 'சிலோன்காரர்'. இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். மொழியும் சமயமும் ஒன்றாயிருந்தும், புதிய இடத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு தலைமுறை சென்றது. இரத்த உறவு மட்டும் ஒருவனைக் குடியமர்த்திவிடாது என்பதற்கு இது சான்று.

இங்கேயே தங்கியவர்களுக்குப் பிரசாவுரிமை படிப்படியாகவே வந்தது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தால்தான் எஞ்சியிருந்த நாடற்றோரின் நிலை தீர்ந்தது. முதற் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வந்த காலத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள். வந்த நாளுக்கும் சட்டத்தின் கண்ணில் குடியமர்ந்த நாளுக்கும் இடையே அத்துணைத் தூரம்!

அவுஸ்திரேலியக் கதவு

நமது தேயிலை மலைகளில் நிழலுக்காக நிற்கும் கிரவிலியா மரம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இறப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. இவற்றிடம் ஒருவரும் பத்திரம் கேட்டதில்லை. அந்த மரத்தின் தாய்நாட்டுக்கு நம் பிள்ளைகள் இன்று செல்லுகின்றனர். அவர்களை அந்நாடு எவ்வாறு ஏற்றது?

முதலில் ஏற்கவில்லை. 1882-ஆம் ஆண்டில் குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கு இலங்கையிலிருந்து சிங்களத் தொழிலாளர் சில நூற்றுவர் கொண்டுசெல்லப்பட்டபோது, அங்கிருந்த வெள்ளையரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. 1901-ஆம் ஆண்டில் வந்த குடிவரவுச் சட்டம் 'வெள்ளை அவுஸ்திரேலியா'க் கொள்கைக்கு அடித்தளமிட்டது. அச்சட்டத்தின் சூழ்ச்சி விந்தையானது. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. வருகிறவருக்கு ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்களைச் சொல்வதெழுதலாகக் கொடுப்பார்கள். எந்த மொழி என்பதை அதிகாரியே தேர்ந்தெடுப்பார். பல மொழி அறிந்த எகோன் கிஷ் என்ற எழுத்தாளரை 1934-ஆம் ஆண்டில் தடுக்க எண்ணியவர்கள், ஸ்கொத்லாந்துக் கேலிக் மொழியில் அவருக்குச் சோதனை வைத்தனர். நம்மவரிடம் இல்லாத சிட்டைகளைக் கேட்ட 1949-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இது ஒருவகையில் மூத்த உறவு. கதவை அடைக்க விரும்புவோருக்குப் பூட்டுப் பல உண்டு.

அச்சோதனை 1958-ஆம் ஆண்டில் ஒழிந்தது. 1956-ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் இலங்கையிலிருந்து பறங்கியர் பலர் அங்கே குடியேறினர். அவர்களும் தம் ஐரோப்பிய வழித்தோன்றலைக் காட்ட வேண்டியிருந்தது. 1973-ஆம் ஆண்டில் விற்லம் அரசாங்கம் குடிவரவில் இன வேறுபாட்டை நீக்கியது. 1983-ஆம் ஆண்டு யூலைக் கலவரத்துக்குப் பின் தமிழர் பெருமளவில் சென்றனர். 2021-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வீட்டிலே தமிழ் பேசுவோர் அங்கே 95,000-க்கும் மேல். ஒரு காலத்தில் தமிழன் கால் வைக்க முடியாதிருந்த மண்ணில் இத்தொகை சிறிதன்று.

அங்குள்ள அன்றாடம்

அங்கே சென்றவர்கள் சொல்லும் செய்திகளைக் கேட்டால், நம் முன்னோர் லயத்தில் கற்றவற்றை இவர்கள் வேறு வடிவில் கற்கிறார்கள் என்று தோன்றும். முதற்பாடம் விமான நிலையத்திலேயே தொடங்குகிறது. பாட்டி கட்டிக்கொடுத்த கறிவேப்பிலையும் விதையும் அங்கே மறிக்கப்படும். பயிர்நோய் வாராமற் காக்கும் விதி கடுமையானது. கொண்டுவந்ததை மறைத்தவருக்குத் தண்டமும் உண்டு. பின்னர் வரி இலக்கம் பெற வேண்டும். நிரந்தர வதிவிடம் பெற்றவருக்கு மெடிக்கெயார் என்னும் மருத்துவ உதவி உண்டு. மாணவராகச் செல்வோர் தாமே காப்புறுதி எடுக்க வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டால் முன்னிருந்த வீட்டுக்காரரின் சான்று கேட்பார்கள். நேற்று வந்தவரிடம் அது ஏது? இலங்கையில் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் இருந்தவர்கள், தம் பட்டத்தை அந்நாடு ஏற்கும் வரையில் முதியோர் இல்லங்களிலும் பண்டகசாலைகளிலும் இரவு வேலை செய்கின்றனர்.

நல்ல ஏற்பாடுகளும் உள்ளன. ஆங்கிலம் தெரியாதவர் 131 450 என்ற இலக்கத்தை அழைத்தால், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தொலைபேசியில் வந்து மருத்துவரோடும் அலுவலகத்தோடும் தமிழில் பேச உதவுவார். இச்சேவை 1973-ஆம் ஆண்டில் தொடங்கியது. புதிதாக வருவோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் அரசாங்கத் திட்டமோ 1948-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நம்மை நாடற்றவராக்கிய அதே ஆண்டு அது!

பழக்கவழக்கங்களும் கற்கத்தக்கன. மேலதிகாரியைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள். துரை வரும் பாதையில் ஒதுங்கி நின்றவரின் பேரனுக்கு முதல் மாதம் நா எழாது. விருந்துக்கு அழைப்பவர் 'தட்டு ஒன்று கொண்டு வாருங்கள்' என்றால், தட்டு நிறையப் பண்டம் கொண்டு போக வேண்டும் என்பது பொருள். வெறுந் தட்டோடு போய் நாணியவர் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். பருவங்களும் தலைகீழ். தைப்பொங்கல் கொடுங்கோடையில் வரும். ஆடிப் பிறப்பு நடுக்குளிரில் வரும். காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களில் வெளியே நெருப்பு மூட்டக்கூடாது என்று தடை உண்டு; அந்நாளில் பொங்கற்பானை வீட்டு அடுப்பில்தான் ஏறும்.

லயத்து மரத்தடியில் நட்ட கல் கோயிலான கதையும் அங்கே தொடர்கிறது. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பேர்க்கில் வேங்கடேசுவரர் ஆலயம் 1985-ஆம் ஆண்டிலும், மெல்பேணின் கரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு ஆலயம் 1994-ஆம் ஆண்டிலும், சிட்னி மேஸ் ஹில்லில் முருகன் ஆலயம் 1999-ஆம் ஆண்டிலும் குடமுழுக்குக் கண்டன. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பெற்றோரே ஆசிரியராகின்றனர். விக்ரோறியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் உயர்தரப் பள்ளித் தேர்வுக்குத் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஆயினும் தமிழில் கேட்ட கேள்விக்குப் பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொல்லும் வீடுகளே மிகுதி என்று அங்குள்ள பெற்றோர் வருந்துகின்றனர்.

எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. முறையான விசாவில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றுள் இறுதி ஓராண்டேனும் நிரந்தர வதிவோராக இருந்தவர் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நூற்றெண்பது ஆண்டு எங்கே? நான்கு ஆண்டு எங்கே?

பிலோயிலா காட்டிய பாடம்

இதனைக் கண்டு அங்கே எல்லாரும் எளிதில் அமர்ந்துவிடுகின்றனர் என்று நினைத்தலும் தவறு. படகில் தஞ்சம் நாடிச் சென்றோருக்கு அந்நாட்டின் கதவு மிகக் கடியது. குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில் பிலோயிலா என்ற சிற்றூர் இருக்கிறது. சில ஆயிரம் மக்களே வாழும் ஊர். இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று அங்கே வாழ்ந்தது. தந்தை இறைச்சித் தொழிற்சாலையில் உழைத்தார். பெண் குழந்தைகள் இருவரும் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு விடியற்காலையில், விசா முடிந்ததென்று அதிகாரிகள் அக்குடும்பத்தை அழைத்துச் சென்றனர். 2019-ஆம் ஆண்டில் நாடு கடத்த விமானத்தில் ஏற்றியும் விட்டனர். நீதிமன்றத் தடையால் விமானம் டார்வினில் நின்றது. அதன்பின் கிறிஸ்மஸ் தீவில் தடுத்து வைக்கப்பட்டனர்.

அப்பொழுது எழுந்து நின்றவர்கள் யார்? அவ்வூர் மக்கள். வேற்று நிறத்தவர், வேற்று மொழியினர், வேற்றுச் சமயத்தவர். இவர்கள் எங்கள் ஊரார், எங்களிடம் திருப்பித் தாருங்கள் என்று நான்கு ஆண்டுகள் விடாது கேட்டனர். 2022-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் குடும்பம் பிலோயிலாவுக்குத் திரும்பியது. ஆகஸ்ட் மாதத்தில் நிரந்தர வதிவிடமும் கிடைத்தது.

உந்துகொடையையும் பிலோயிலாவையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டிடத்திலும் உழைக்கும் தமிழரைச் சட்டம் வெளியேறச் சொல்லிற்று. பிலோயிலாவில் அயலார் சட்டத்தின் முன் வந்து நின்றனர். உந்துகொடையில் அயலாரையும் நம்மவரையும் ஒரே துண்டு நிலத்துக்குப் போட்டியாளராக்கிவிட்டனர். அயலாரின் நட்பும் அரசின் பத்திரமும் சேர்ந்த இடத்திலேதான் குடியமர்தல் நிறைவு பெறுகிறது. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் அது அரைக் குடியிருப்பே. இந்த இருநூறாண்டு வரலாற்றிலிருந்து நாம் கண்ட உண்மை இதுவே.

நாம் செய்யத்தக்கவை

இளைஞர்களே! பத்திரத்தின் அருமையை உணருங்கள். வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் பாட்டனாரின் பழைய கடிதங்களையும் பதிவுத் துண்டுகளையும் குப்பையென்று எறியாதீர்கள். பிறப்பைக் காலத்தில் பதிவு செய்யுங்கள்; பெயரின் எழுத்து ஒரு பத்திரத்துக்கு ஒரு விதமாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயரைச் சேருங்கள். அந்த ஒரு வரிக்காக நம் மாவட்டத்தார் ஒருவர் இலண்டன் வரையில் வழக்காடினார் என்பதை மறவாதீர்கள். சிங்களமும் ஆங்கிலமும் கற்றுக்கொள்ளுங்கள், தமிழை விடாதீர்கள்.

பெரியோர்களே! புறப்படும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. வந்த வரலாற்றைச் சொல்லி அனுப்புங்கள். போலி முகவரிடம் பணத்தைக் கொட்டவும், படகேறவும் விடாதீர்கள். அங்கே சென்றவர்களும் ஒன்று நினைக்க வேண்டும். இங்கே இன்னும் பல குடும்பங்கள் லயத்துக் காம்பராவிலே, தமக்கென்று ஒரு துண்டு நிலமும் தனி முகவரியும் இன்றி வாழ்கின்றன. பிரசாவுரிமை வந்துவிட்டது, வீடும் நிலமும் முழுதும் வரவில்லை. இங்குள்ளோரின் குடியமர்தல் இன்னும் முடியாத வேலை. அதற்குக் கை கொடுப்பது சென்றவரின் கடன்.

இறுதியாக அந்த மூதாட்டியிடம் திரும்புவோம். சென்ற தைப்பொங்கலன்று பேரன் தொலைபேசியில் பேசினார். சுடுவெயிலில் பொங்கல் வைத்ததாகவும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவருக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்ததாகவும், மாலையில் அவர் அக்கிண்ணம் நிறையத் தம் தோட்டத்துத் தக்காளியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்ததாகவும் சொன்னார். பாட்டியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "வெறுங் கிண்ணமா குடுக்கலையில்ல? அப்ப இருக்க விடுவாங்க சாமி" என்றார்.

கேகாலைக் குன்றுகளில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்து அவர் கண்ட சட்டம் அது. அரசாங்கங்களின் சட்டங்களும் அவ்வழியே செல்லும் நாள் எல்லா நாட்டிலும் வருக என்று வேண்டி அமைகிறோம்.